பச்சை விளக்கு எரிந்தால் நேரம் சரியா?

ஜிபிஎஸ் துணையோடு ஓடும் கடிகாரப் பெட்டி ஒன்றை முதன்முதலாக மேசைமேல் வைப்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள். ஆண்டெனாவை ஜன்னலில் வைப்பார்கள். பெட்டி சூடாகும்வரை காத்திருப்பார்கள். 'லாக்' என்ற பச்சை விளக்கு எரிந்ததும் ஒரு நிம்மதி. விவரத்தாளில் ஐம்பது நானோ விநாடி என்றோ, லட்சம் கோடியில் ஒரு பங்கு என்றோ ஓர் எண் இருக்கும். விளக்குதான் எரிகிறதே, அப்படியானால் அந்த எண்ணும் நம் மேசைக்கு வந்துவிட்டது என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

அந்த எண்ணைப் பார்த்ததும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எவ்வளவு நேர இடைவெளியில் அளந்தால் இந்தத் துல்லியம்? எதோடு ஒப்பிட்டு? இவற்றுக்குப் பதில் இல்லாத எண் விளம்பரத்துக்கு மட்டுமே உதவும்.

முதலில் அளவுகள் கொஞ்சம் பழக வேண்டும். ஒரு நானோ விநாடியில் ஒளி போகும் தூரம் சுமார் 30 சென்டிமீட்டர். பள்ளிக்கூட அடிக்கோல் ஒன்றின் நீளம். ஐம்பது நானோ விநாடி என்றால் 15 மீட்டர். ஒரு சாதாரணக் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் மாதத்துக்குப் பதினைந்து விநாடி முன்னே பின்னே போகலாம். அது பத்து லட்சத்தில் ஆறு பங்கு பிழை. நாம் பேசப்போகும் பெட்டிகள் அதைவிடப் பல லட்சம் மடங்கு நுட்பமானவை என்பதால்தான், சாதாரணமாக யாரும் கண்டுகொள்ளாத விஷயங்கள் எல்லாம் இங்கே பெரிய தலைவலியாகின்றன. கேபிளின் நீளம், அறையின் சூடு, எதிர்வீட்டுச் சுவர் எல்லாம் கணக்கில் வரும்.

இன்னொன்று. நேரத் துல்லியம் வேறு, அதிர்வெண் துல்லியம் வேறு. எப்போதும் சரியாக ஒரு மைக்ரோ விநாடி தாமதமாகவே அடிக்கும் கடிகாரத்தின் நேரம் தவறு. ஆனால் அதன் அதிர்வெண்ணில் ஒரு குறையும் இல்லை. ரேடியோ ஆர்வலருக்கு வேண்டியது பெரும்பாலும் அதிர்வெண். கணினிகளுக்கு நேரம் பரிமாறும் சர்வர் நடத்துபவருக்கு வேண்டியது நேரம். இருவரும் ஒரே பெட்டியை வாங்கிவிட்டு ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாமல் மணிக்கணக்கில் வாதாடுவது வழக்கம்.

சரி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது? இரண்டு கடிகாரங்கள். ஒன்று பெட்டியிலேயே இருக்கும் குவார்ட்ஸ் ஆசிலேட்டர். நல்ல வகைகளில் அது ஒரு சிறு அடுப்புக்குள் உட்கார்ந்திருக்கும். படிகத்தை எழுபது, எண்பது டிகிரி போல ஒரே வெப்பநிலையில் வைத்துவிட்டால் வெளியே வெயிலானாலும் மழையானாலும் அதற்கு அவ்வளவாகத் தெரியாது. ஓசிஎக்ஸ்ஓ என்று சொல்வது இதைத்தான். இன்னொரு கடிகாரம் தலைக்கு மேலே 20,200 கிலோமீட்டர் உயரத்தில், செயற்கைக்கோளில் இருக்கும் ரூபிடியம் அல்லது சீசியம் அணுக் கடிகாரம்.

இரண்டின் குணமும் நேர் எதிர். அடுப்புப் படிகம் ஒரு விநாடியிலிருந்து இன்னொரு விநாடிக்கு அசையாது. அந்தச் சிறு இடைவெளியில் அதன் ஆட்டம் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு, நல்லதாக அமைந்தால் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஆனால் நாட்கணக்கில் பார்த்தால் மெல்ல மெல்ல வழுக்கிக்கொண்டே போகும், படிகத்துக்கு வயதாகிறது. செயற்கைக்கோள் நேரம் இதற்குத் தலைகீழ். மாதக்கணக்கில் பார்த்தால் நிலையாக நிற்கும். ஆனால் உங்கள் ரிசீவர் அதைப் பிடித்து விநாடிக்கு ஒரு துடிப்பாகத் தரும்போது, ஒவ்வொரு துடிப்பும் பத்து இருபது நானோ விநாடி இங்கும் அங்கும் தள்ளாடித்தான் வரும்.

ஜிபிஎஸ்டிஓ என்று அழைக்கப்படும் இந்தப் பெட்டி, இரண்டுக்கும் நடுவே செய்துவைக்கும் ஒரு சமரசம். துடிப்பையும் படிகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, படிகம் முந்தினால் அதன் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கி, பிந்தினால் கொஞ்சம் ஏற்றி, அது வழி தவறாமல் பார்த்துக்கொள்ளும். செயற்கைக்கோளின் அணுக் கடிகாரம் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று விற்பனைக்காரர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. அந்தந்தக் கணத்தில் வெளியே வரும் 10 மெகா ஹெர்ட்ஸ் சமிக்ஞை முழுக்க முழுக்க உங்கள் படிகத்துடையது. செயற்கைக்கோள் அதன் காதைத் திருகுவது எப்போதாவதுதான்.

அந்த எப்போதாவது என்பது எவ்வளவு என்பதில்தான் கலையே இருக்கிறது. துடிப்பின் தள்ளாட்டம் 10 நானோ விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரே விநாடி இடைவெளியில் அளந்தால் அது பத்துக் கோடியில் ஒரு பங்கு பிழை. உங்கள் படிகம் அந்த இடைவெளியில் ஆயிரம் மடங்கு நன்றாக இருக்கிறது. ஆயிரம் விநாடிக்குப் பார்த்தால் அதே 10 நானோ விநாடி பத்தாயிரம் கோடியில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஒரு முழு நாளுக்குப் பார்த்தால் இன்னும் ஏறத்தாழ நூறு மடங்கு சுருங்கும். படிகமோ நேரம் போகப்போக மோசமாகும். இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால் எங்கேயோ ஒரு புள்ளியில் ஒன்றையொன்று வெட்டும். நல்ல ஓசிஎக்ஸ்ஓ என்றால் அது பெரும்பாலும் சில நூறு விநாடிக்கும் சில ஆயிரம் விநாடிக்கும் நடுவே. அந்தப் புள்ளிக்கு இந்தப் பக்கம் படிகத்தை நம்ப வேண்டும், அந்தப் பக்கம் வானத்தை நம்ப வேண்டும். இந்தக் கோடுகளை வரைய உதவும் அளவுக்கு ஆலன் விலக்கம் என்று பெயர். 1966-ல் டேவிட் ஆலன் கொடுத்தது. கடிகாரங்களின் தரத்தை ஒரே எண்ணில் அடைக்க முடியாது, இடைவெளி மாற மாற எண்ணும் மாறும் என்பதை ஒரு வரைபடமாகவே காட்டிவிடுவதால்தான் கடிகாரக்காரர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சொந்தமாகப் பெட்டி கட்டுபவர்கள் அதிகம் சறுக்கும் இடமும் இதுதான். துடிப்போடு சீக்கிரம் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் படிகத்தைத் திருத்தும் கட்டுப்பாட்டு வளையத்தின் கால மாறிலியை, அதாவது எவ்வளவு நேரம் பொறுத்துத் திருத்துவது என்ற அளவை, பத்து விநாடிக்குக் குறைத்துவிடுவார்கள். பெட்டியும் சட்டென்று லாக் ஆகும், திரையில் பிழை பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். நடந்தது என்னவென்றால், தள்ளாடும் துடிப்பின் பின்னால் படிகமும் சேர்ந்து தள்ளாடுகிறது. நல்ல படிகத்துக்குக் கொடுத்த காசு வீண். வளையத்தைத் தளர்த்தினால் திரையில் பிழை கொஞ்சம் அலையும். வெளியே வரும் சமிக்ஞை மேம்பட்டிருக்கும். கண்ணுக்கு மோசமாகத் தெரிவதுதான் நிஜத்தில் நல்லது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கே கொஞ்ச நாள் பிடித்தது.

மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் படிகளும் போதுமான அளவு சிறியதாக இருக்க வேண்டும். படிகத்தைக் கோடியில் இரண்டு பங்கு மேலும் கீழும் நகர்த்த முடியும், அந்த வீச்சை, எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் 16 பிட் சில்லு 65,536 படிகளாகப் பிரிக்கிறது என்றால், ஒரு படி என்பது லட்சம் கோடியில் ஆறு பங்கு. அதற்கும் கீழே போக நினைப்பவர் வீச்சைக் குறைக்க வேண்டும், அல்லது பிட்டைக் கூட்ட வேண்டும்.

அந்தத் துடிப்பு ஏன் தள்ளாடுகிறது? இதற்கு வானத்தைக் குறை சொல்வது அவசரம். முதல் குற்றவாளி ரிசீவருக்குள்ளேயே இருக்கிறது. நேரம் எப்போது விநாடியைத் தொடுகிறது என்று ரிசீவருக்கு மிகத் துல்லியமாகத் தெரியும். ஆனால் துடிப்பை வெளியே அனுப்ப அது தன் சொந்தக் கடிகாரத்தின் ஒரு விளிம்புக்காக, அதாவது அதன் அடுத்த அடிக்காக, காத்திருக்க வேண்டும். அந்தக் கடிகாரம் 48 மெகா ஹெர்ட்ஸ் என்றால் இரண்டு விளிம்புகளுக்கு நடுவே 20.8 நானோ விநாடி. பேருந்து நிற்கும் நிறுத்தத்தில்தான் இறங்க முடியும், வீட்டு வாசலில் இறங்க முடியாது என்பது மாதிரி. ஆகவே துடிப்பு பத்து நானோ விநாடி வரை முந்தியோ பிந்தியோ வரும். வரைந்து பார்த்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கும். பழைய மோட்டரோலா ஆன்கோர் வகை ரிசீவர்களில் இந்தப் பற்கள் ஐம்பது நானோ விநாடி அளவுக்குப் பெரியவை.

ரம்பப் பல் இருந்தாலும் சராசரி எடுத்தால் போய்விடும் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் போய்விடும். ஆனால் ரிசீவரின் உள் கடிகாரம் ஏதேச்சையாகச் சரியான முழு எண் அதிர்வெண்ணுக்கு மிக அருகில் வந்துவிட்டால் வேடிக்கை ஆரம்பிக்கும். விளிம்புகள் விநாடியோடு ஏறத்தாழ ஒட்டி நடப்பதால், பிழை ஒரே பக்கமாகப் பல நிமிடம் நின்றுவிடும். வரைபடத்தில் தொங்கு பாலம் போலத் தெரிவதால் அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பிழை எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்போது சராசரி எடுத்து என்ன பயன்? மருந்து எளிது. நேரம் தருவதற்கென்றே செய்யப்பட்ட ரிசீவர்கள், அடுத்த துடிப்பு எத்தனை நானோ விநாடி தள்ளி வரும் என்பதை ஒரு செய்தியாக முன்கூட்டியே சொல்லிவிடும். அதைக் கழித்தால் பல் மறையும். வழி காட்டுவதற்காகச் செய்த சாதாரண ரிசீவர் மாட்யூல்கள் பலவற்றில் இந்த வசதி இருக்காது. மலிவான மாட்யூலுக்கும் விலை கூடிய நேர மாட்யூலுக்கும் உள்ள வித்தியாசத்தில் இது ஒன்று.

இரண்டாவது வித்தியாசம் இடம். ரிசீவர் பொதுவாக நான்கு தெரியாத எண்களைக் கண்டுபிடிக்கிறது: மூன்று இடத்துக்கு, ஒன்று நேரத்துக்கு. அதனால் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். ஆனால் உங்கள் ஆண்டெனா எங்கேயும் போகப்போவதில்லை. இடத்தை மணிக்கணக்கில், முடிந்தால் ஒரு முழு நாள் சராசரி எடுத்து ஒருமுறை நிலைப்படுத்திவிட்டால், மிச்சம் ஒரே ஒரு தெரியாத எண், நேரம். அதற்கு ஒரே ஒரு செயற்கைக்கோள்கூடப் போதும். பத்து தெரிந்தால் பத்தும் சேர்ந்து ஒரே கேள்விக்குப் பதில் சொல்கின்றன. நிலைப்படுத்திய இடம், குறிப்பாக உயரம், தவறாக இருந்தால் மட்டும் அந்தத் தவறு நேராக நேரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்று மீட்டர் உயரப் பிழை என்றால் பத்து நானோ விநாடி வரை போகலாம்.

வானத்துக்குப் போவோம். செயற்கைக்கோள் கடிகாரங்களைப் பற்றி எல்லோரும் சொல்லும் சார்பியல் கதை உண்மைதான். உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 45 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும், அது நகரும் வேகத்தால் 7 மைக்ரோ விநாடி பின்தங்கும், மிச்சம் 38. அதைச் சரிக்கட்ட, 10.23 மெகா ஹெர்ட்ஸ் கடிகாரத்தைத் தரையிலேயே ஒரு மயிரிழை குறைத்து அமைத்துத்தான் ஏவுகிறார்கள். ஆனால் பொழுதுபோக்குக்காரருக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. அவருடைய தொல்லை கீழே, கடைசிச் சில நூறு கிலோமீட்டரிலும் கடைசி இருபது மீட்டரிலும் இருக்கிறது.

2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை வேறொரு தொல்லையும் இருந்தது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்துகொண்டிருந்தது. நூறு நானோ விநாடி அளவில் நேரம் அங்குமிங்கும் அலைந்தது. அதை நிறுத்திய இரவில் உலகம் முழுக்க இருந்த நேர ரிசீவர்களின் வரைபடங்கள் சட்டென்று மெலிந்தன.

இப்போது மிஞ்சியிருப்பதில் பெரியது அயனி மண்டலம். சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற அந்தக் காற்றுப் படலத்தைக் கடக்கும்போது சமிக்ஞை தாமதமாகும். இரவில் சில நானோ விநாடி, பகலில் பத்துக்கணக்கில், சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் பூமியின் காந்த நடுக்கோட்டுப் பகுதிகளில் அதற்கும் மேலே. செயற்கைக்கோளே ஒரு திருத்த மாதிரியை அனுப்புகிறது. அது ஏறத்தாழப் பாதியைத்தான் கழிக்கும். மிச்சம் உங்கள் நேரத்தில் பகல் இரவு அலையாகத் தெரியும். அயனி மண்டலத் தாமதம் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும் என்பதால், 1575.42 மெகா ஹெர்ட்ஸோடு இரண்டாவது அலைவரிசை ஒன்றையும் கேட்கும் ரிசீவர் அதை அளந்தே கழித்துவிடும். ஒரு காலத்தில் ஆய்வகங்களுக்கு மட்டும் கட்டுப்படியான இந்த வசதி இப்போது ஒற்றைச் சில்லில் வந்துவிட்டது. இவ்வளவு ஆண்டுகளில் பொழுதுபோக்குக்காரருக்குக் கிடைத்த உண்மையான முன்னேற்றம் இதுதான் என்று சொல்வேன். பிழையின் அளவு ஐந்து நானோ விநாடிக்கு இறங்குகிறது.

அப்புறம் எதிரொலி. சமிக்ஞை நேராக வருவதோடு பக்கத்துச் சுவரிலும் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்பியும் வரும். ஜன்னல் ஓர ஆண்டெனாவின் பெரிய சாபம் இது. வானத்தின் பாதி மறைந்து, மிச்சப் பாதியில் பாதி பொய்யாக வரும். இதை அடையாளம் காண அழகான வழி ஒன்று உண்டு. செயற்கைக்கோள்களின் அமைப்பு 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை அப்படியே திரும்பி வரும். ஆகவே சுவரால் வரும் பிழையும் தினமும் நான்கு நிமிடம் முன்னதாக அதே வடிவில் திரும்பி வரும். உங்கள் வரைபடத்தில் ஒரு மேடு இன்று மாலை நாலரைக்கும், நாளை நாலு இருபத்தாறுக்கும் வந்தால், குற்றவாளி சுவர். சரியாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறை வந்தால் அயனி மண்டலத்தையோ அறையின் வெப்பத்தையோ சந்தேகிக்கலாம்.

கேபிளை மறக்க வேண்டாம். சாதாரண கோஆக்சியல் கேபிளில் சமிக்ஞை ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கில்தான் போகும். மீட்டருக்கு ஐந்து நானோ விநாடி. இருபது மீட்டர் கேபிள் போட்டுவிட்டு அமைப்பில் அந்தத் தாமதத்தை எழுதாதவர், ஐந்து நானோ விநாடி ரிசீவர் வாங்கி நூறு நானோ விநாடி பிழையோடு வாழ்கிறார். அதிர்வெண் மட்டும் வேண்டுமென்றால் கவலை இல்லை. மாறாத தாமதம் அதிர்வெண்ணைத் தொடாது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம்: எதோடு ஒப்பிட்டு? யுடிசி, அதாவது உலகம் பொதுவாகப் பின்பற்றும் நேரம் என்று எல்லோரும் சொல்வோம். வேடிக்கை என்னவென்றால், யுடிசியை இந்தக் கணத்தில் காட்டும் கடிகாரம் உலகில் எங்குமே இல்லை. எண்பதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்களின் நானூறுக்கும் மேற்பட்ட அணுக் கடிகாரங்களின் அளவுகளைப் பாரிஸுக்கு அருகிலுள்ள சர்வதேச அளவியல் அலுவலகம் சேர்த்துக் கணக்கிட்டு, உங்கள் கடிகாரம் போன மாதம் இத்தனை நானோ விநாடி தள்ளியிருந்தது என்று ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் மாதம் ஒருமுறை அறிக்கை தருகிறது. ஜிபிஎஸ் வழியாக நமக்கு வருவது அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் முன்கூட்டியே கணித்து வைத்திருக்கும் யுடிசி. அதற்கும் ஜிபிஎஸ்ஸின் சொந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் செயற்கைக்கோளின் செய்தியிலேயே வரும்.

அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி முழு விநாடிகள். ஜிபிஎஸ் நேரம் 1980 ஜனவரி 6-ல் தொடங்கியது. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யுடிசியில் அவ்வப்போது சேர்க்கும் லீப் விநாடிகளை அது சேர்த்துக்கொள்வதில்லை. 2016 டிசம்பர் 31-ல் சேர்த்ததற்குப் பிறகு இடைவெளி 18 விநாடி. இந்த எண் அடங்கிய செய்தி பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் சுற்றி வருகிறது. புதிதாக இயக்கிய ரிசீவர் முதல் சில நிமிடம் சில விநாடி தவறாகக் காட்டிவிட்டுத் திடீரென்று குதிப்பது இதனால்தான். பழுது என்று பயப்பட வேண்டாம். பழைய பெட்டிகள் சில, தேதியையே இருபது வருடம் பின்னால் காட்டும். வார எண்ணுக்கு 10 பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள், 1,024 வாரத்துக்கு ஒருமுறை அது பூஜ்ஜியமாகும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி ஆனது. தேதி எப்படி இருந்தாலும் அந்தப் பெட்டிகளின் 10 மெகா ஹெர்ட்ஸ் சுத்தமாகவே இருக்கும் என்பதால் அதிர்வெண்காரர்கள் அதைச் சட்டை செய்வதில்லை.

மற்றொரு பகுதி நானோ விநாடிக் கணக்கு. அதுதான் 2016 ஜனவரி 26-ல் ஒரு பாடம் கற்பித்தது. எஸ்விஎன் 23 என்ற பழைய செயற்கைக்கோளைச் சேவையிலிருந்து எடுத்தபோது, யுடிசி வித்தியாசத்தைச் சொல்லும் எண் தவறாகச் சில செயற்கைக்கோள்களில் ஏறிவிட்டது. 13 மைக்ரோ விநாடி பிழை. வழி காட்டும் கருவிகள் எதற்கும் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் இடம் கணக்கிட அந்த எண் தேவையில்லை. யுடிசியைப் பின்பற்றும்படி அமைத்திருந்த நேரப் பெட்டிகள் பல, அந்தத் தவறான எண்ணை நம்பித் துடிப்பை நகர்த்தின. ஜிபிஎஸ் நேரத்தையே பின்பற்றும்படி அமைத்தவை அசையவில்லை. அதிர்வெண்ணுக்காக மட்டும் பெட்டி வைத்திருப்பவர்கள் அமைப்பில் யுடிசிக்குப் பதில் ஜிபிஎஸ் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்று பலரும் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது பச்சை விளக்கு என்ன சொல்லும்? எரிந்துகொண்டே இருக்கும். தன் படிகத்துக்கும் தான் கேட்ட துடிப்புக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை என்பதைத்தான் அந்த விளக்கு காட்டுகிறது. பெட்டியோடு வரும் மென்பொருள் வரையும் அழகான வரைபடமும் அதே வித்தியாசத்தைத்தான் வரைகிறது. கேபிள் தாமதம், அயனி மண்டலம், தவறான உயரம், தவறான யுடிசி எண் எதுவும் அதில் தெரியாது. வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி.

இரண்டாவது பெட்டி ஒன்று வாங்கி ஒப்பிட்டால்? கொஞ்சம் உதவும். ஒவ்வொன்றின் சொந்த ஆட்டமும் தெரியவரும். ஆனால் இரண்டும் ஒரே கூரைமேல் ஒரே வானத்தைப் பார்க்கின்றன. அயனி மண்டலம் இரண்டையும் ஒரே மாதிரி ஏமாற்றும், இரண்டும் ஒற்றுமையாகத் தவறும். ஒரே ஆண்டெனாவைப் பிரித்து இரண்டுக்கும் கொடுத்தால் எதிரொலியும் பொது. வானத்தைக் கேட்காத மூன்றாவது சாட்சி வேண்டும். அதற்குத்தான் பழைய ரூபிடியம் கடிகாரத்தைத் தேடிப் போகிறார்கள். தனியாக ஓடும் ரூபிடியம் ஒரு நாள் இரண்டு நாள் இடைவெளியில் ஜிபிஎஸ்டிஓவின் பகல் இரவு அலையைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு நிலையானது. பித்து முற்றினால் சீசியம். 2005-ல் அமெரிக்காவில் ஓர் ஆர்வலர் தன் வீட்டிலிருந்த மூன்று சீசியம் கடிகாரங்களைக் குடும்பத்தோடு வேனில் ஏற்றி ரெய்னியர் மலைக்குக் கொண்டுபோய், இரண்டு இரவு தங்கிவிட்டுத் திரும்பி வந்து வீட்டுக் கடிகாரங்களோடு ஒப்பிட்டார். சார்பியல் சொன்னபடி இருபது நானோ விநாடிக்குச் சற்று மேலே முந்தியிருந்தன. பித்து எல்லை மீறினால் இப்படியெல்லாம் நல்லதும் நடக்கும்.

ஆனால் உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டால் பலருக்குப் பணம் மிச்சமாகும். எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில் ரேடியோ பேசுபவருக்குக் கணினி நேரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருந்தால் போதும்; இணையத்திலிருந்து வரும் நேரமே தாராளம். சிறுகோள் ஒரு விண்மீனை மறைப்பதைப் படம் பிடிப்பவருக்கு மில்லி விநாடிகள் வேண்டும். நிழல் தரையில் விநாடிக்குப் பத்து, இருபது கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் பத்து மில்லி விநாடி பிழை நூறு, இருநூறு மீட்டர். அதற்கு எந்த மலிவு மாட்யூலின் துடிப்பும் போதும்.

வீட்டிலேயே நேர சர்வர் நடத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. யுஎஸ்பியில் செருகும் ரிசீவர் சிறு பெட்டியாக அழகாக இருக்கும், ஆனால் அதிலிருந்து வருவது பெரும்பாலும் எழுத்து வாக்கியம் மட்டுமே. விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓர் எழுத்து வரவே ஒரு மில்லி விநாடி ஆகும். எழுபது எழுத்து வாக்கியம் முடிய எழுபது மில்லி விநாடி. அது எப்போது கிளம்பியது என்பதும் விநாடிக்கு விநாடி மாறும். துடிப்புக் கம்பியைத் தனியாக ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியின் ஊசி ஒன்றில் இணைத்தால் அதே ரிசீவர் சில மைக்ரோ விநாடிக்குள் நேரம் தரும். அதற்குமேல் நானோ விநாடி ரிசீவருக்குக் காசு போட்டு அந்தச் சின்னக் கணினிக்குப் பயனில்லை. துடிப்பைக் கவனித்துப் பதிவு செய்யவே அதற்கு மைக்ரோ விநாடிகள் பிடிக்கும்.

பத்து கிகா ஹெர்ட்ஸில் ரேடியோ இயக்குபவர் கதை வேறு. பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை அங்கே பத்து கிலோ ஹெர்ட்ஸ், தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நூறு கோடியில் ஒரு பங்கு என்றால் பத்து ஹெர்ட்ஸ், போதும். எந்த ஜிபிஎஸ்டிஓவும் இதைச் சுலபமாகத் தரும். ஆனால் 10 மெகா ஹெர்ட்ஸை ஆயிரம் மடங்கு பெருக்கும்போது அதன் குறுகிய கால நடுக்கமும் அதே மடங்கு பெருகும். மாட்யூலில் துடிப்பு வரும் ஊசியை நேரடியாகவே 10 மெகா ஹெர்ட்ஸ் அடிக்க வைத்து ஓசிஎக்ஸ்ஓ செலவைத் தவிர்க்கலாம் என்று நினைப்பவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மாட்யூலின் உள் கடிகாரத்தின் 48-ஐ 10-ஆல் மீதியின்றி வகுக்க முடியாது, எனவே மாட்யூல் சில சுற்றுகளை நீட்டியும் குறுக்கியும் ஒப்பேற்றும். எண்ணிப் பார்த்தால் அதிர்வெண் சரி, காதில் கேட்டால் கரகரப்பு. 8 மெகா ஹெர்ட்ஸ் கேட்டால் 48 சரியாக ஆறால் வகுபடும், கரகரப்பு பெருமளவு குறையும். ஆனால் படிகத்தின் அமைதி அதில் வராது.

கடைசியாக ஒரு சோதனை, இது எல்லோரும் செய்யக்கூடியது. பெட்டி ஒரு வாரம் ஓடிய பிறகு ஆண்டெனாவைக் கழற்றிவிடுங்கள். கைபேசி நிலையங்களுக்காகச் செய்யப்பட்டுப் பின்னர் பழைய சாமானாக வந்த பெட்டிகள் இதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. வானம் தெரியாமல் போனாலும் மணிக்கணக்கில் சில மைக்ரோ விநாடிக்குள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது அந்த நிலையங்களின் தேவை. படிகம் நாளுக்கு ஆயிரம் கோடியில் ஒரு பங்கு வீதம் நகர்கிறது என்றால் ஒரு நாள் முடிவில் நேரம் சுமார் நான்கு மைக்ரோ விநாடி தள்ளியிருக்கும். ஐந்து மடங்கு மோசமான படிகம் என்றால் இருபதைத் தாண்டும். அறையில் மின்விசிறி பெட்டியின் மேல் அடித்தால் இந்தக் கணக்கெல்லாம் தவிடுபொடியாகும். மறுநாள் ஆண்டெனாவைத் திரும்ப மாட்டி, பெட்டி முதல் துடிப்பைப் பார்த்ததும் காட்டும் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளில் படிகம் துடிப்பைப் பின்பற்றாமல் தனியாக ஓடியிருக்கிறது. நகர்ந்தது மைக்ரோ விநாடிக் கணக்கில், வானத்தின் தள்ளாட்டமோ நானோ விநாடிக் கணக்கில். ஆகவே அந்த எண்ணை நம்பலாம். விவரத்தாளில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் அதைப் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி ஆண்டெனாவைக் கழற்றிப் பாருங்கள்.